கருப்பை அறுவையில் கை தேர்ந்த வரலாறு

அறுவை மருத்துவர் தம் தொழிலை எதன்மேல் பழக வேண்டும் என்ற கேள்விக்கு மிகப் பழைய, விரிவான விடைகளில் ஒன்று சுசுருத சம்ஹிதையில் இருக்கிறது. அதன் சூத்திர ஸ்தானத்தில் ஒன்பதாம் அத்தியாயம் முழுக்கப் பயிற்சியைப் பற்றியதே. நூலையெல்லாம் கற்றிருந்தாலும் கைப்பழக்கம் இல்லாதவன் தொழிலுக்கு ஆகமாட்டான் என்று சொல்லிவிட்டு, எந்த வேலையை எந்தப் பொருளில் பழகுவது என்று அது வகுக்கிறது. வெட்டிப் பழகப் பூசணி, சுரை, வெள்ளரி. கீறித் திறக்க, நீரும் சேறும் அடைத்த தோல்பை. சுரண்டுவதற்கு மயிர் நீக்காத தோல். குத்தித் துளைக்கத் தாமரைத் தண்டும் இறந்த விலங்கின் நாளங்களும். தைத்துப் பழக மெல்லிய துணி, தடித்த துணி, மென்தோலின் ஓரம். கட்டுப் போடப் பழக மனித உருவில் செய்த பொம்மை. நோயாளியைத் தொடுவதற்கு முன்பே கை செய்ய வேண்டிய பிழைகளையெல்லாம் செய்து முடித்துவிட வேண்டும் என்பதுதான் இந்தப் பட்டியலுக்குள் இருக்கும் எண்ணம்.

பெண்களுக்கான அறுவை மருத்துவம் நவீன காலத்தில் உருவெடுத்தபோது அந்த எண்ணம் அங்கே இல்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மாண்ட்கோமரி நகரில், ஜேம்ஸ் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் 1845 முதல் 1849 வரை ஓர் அறுவையைப் பழகினார். நாள்கணக்கில் நீளும் பேறுகாலத்தில் குழந்தையின் தலை அழுத்தி, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் நடுவே ஓட்டை விழுந்துவிடும். அதன்பிறகு அந்தப் பெண்ணுக்குச் சிறுநீர் ஓயாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டையை அடைக்கும் அறுவை அது. சிம்ஸ் அதைப் பழகியது அடிமைப் பெண்களின் உடலில். அனார்க்கா, பெட்சி, லூசி என்ற மூவரின் பெயர்களே எஞ்சியிருக்கின்றன. மயக்க மருந்து கொடுக்கப்படவில்லை. அனார்க்காவுக்கு மட்டும் சுமார் 30 முறை அறுவை நடந்தது. கடைசியில் வெள்ளிக்கம்பித் தையலில் ஓட்டை அடைபட்டது. சிம்ஸ் 1852இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டுப் புகழ் பெற்றார். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் நின்ற அவருடைய சிலை 2018இல் அகற்றப்பட்டது. ஒரு மருத்துவரின் கை தேர்வதற்கான முழு விலையையும் அந்தப் பெண்களே செலுத்திய கொடுமை அது. பிற்காலத்தில் வந்த ஒவ்வொரு புதிய அறுவைமுறையிலும், ரோபோ உட்பட, கேட்க வேண்டிய முதல் கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது: கற்றுக்கொள்ளும் காலத்தின் இழப்பை யார் சுமக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் இத்துறையின் தொடக்கம் 1844இல் சென்னையில் ஏற்பட்ட பிரசவ மருத்துவமனை. பின்னாளில் அது எழும்பூருக்கு மாறி, இன்றும் அரசு மகப்பேறு மருத்துவமனையாக இயங்குகிறது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. முதலில் சேர்ந்த நால்வரில் ஒருவர் மேரி ஷார்லீப். ஆண் மருத்துவரிடம் காட்ட முடியாத பெண்களுக்காக 1885இல் சென்னையில் தொடங்கிய கோஷா மருத்துவமனைக்கு அவரே காரணமாக இருந்தார். திருவல்லிக்கேணியில் இப்போது கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் இருப்பது அதுதான். ஷார்லீப் பிறகு லண்டன் திரும்பி, வயிறு திறந்து செய்யும் பெண் அறுவைகளில் பேர் பெற்ற மருத்துவரானார்.

சென்னைக்கு வெளியே ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணியை அடுத்த பெரணமல்லூர், சேத்துப்பட்டு, வந்தவாசி வட்டாரம் 1989இல் திருவண்ணாமலை மாவட்டம் பிரியும் வரை, வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் குடும்பத்தார் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷனுக்கு ஆரணியிலும் ஒரு நிலையம் இருந்தது. ஆகவே இந்த வட்டாரத்துப் பெண்களின் அறுவை வரலாறு வேலூரோடு சேர்ந்தே நடக்கிறது.

அந்தக் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கத் துணிந்ததற்குக் காரணமான இரவு பலரும் அறிந்தது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார், பிரசவ வேதனையில் இருந்த பெண்ணுக்காக உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மூவரும் மறுத்தார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் வந்து சேர்ந்தார். பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பார் என்று அவர் நம்பியிருந்த தந்தை ஜான் ஸ்கடர் அதே ஆண்டு காலமானார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளோடு திறந்தது. மூத்த அறுவை மருத்துவர் எவரும் அருகில் இல்லாமல், வீட்டு வேலைக்கு இருந்த சலோமி என்ற பெண்ணைத் துணைக்கு நிறுத்திக்கொண்டு அவர் அறுவை செய்யத் தொடங்கினார். சலோமி நாளடைவில் தேர்ந்த உதவியாளர் ஆனார்.

ஐடா அடுத்துச் செய்தவற்றின் வரிசை கவனிக்கத்தக்கது. மருத்துவப் பள்ளிக்கு முன்பே, 1909இல், செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல்தான் வந்தது. 1922இல் அதன் முதல் அணியாகத் தேர்வு எழுதிய 14 மாணவியரும் தேறினார்கள். ஓர் அறுவை அரங்கின் வேகம் மருத்துவரின் கையில் மட்டும் இல்லை, கருவியை எடுத்துக் கொடுக்கும் கையிலும் இருக்கிறது என்பதை வேலூர் தன் அனுபவத்தில் கண்டுகொண்டது. 90 ஆண்டுகளுக்குப் பிறகு ரோபோ அறுவையை ஆராய்ந்தவர்கள் கடிகாரத்தைக் கையில் வைத்து அளந்து கண்டதும் இதுவே.

வயிற்றைத் திறந்து செய்த காலத்தில் பயிற்சி என்பது பார்ப்பது, உதவுவது, பிறகு மூத்தவர் எதிரில் நிற்கத் தாமே செய்வது. கருப்பையை நீக்கும் அறுவையில் ஆபத்தான இடம் ஒன்று உண்டு. கருப்பைவாய்க்குப் பக்கவாட்டில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் தொலைவில், கருப்பைத் தமனிக்கு அடியில், சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர்க்குழாய் குறுக்கே போகிறது. தமனியைக் கட்டும்போது அந்தக் குழாயும் சேர்ந்து கட்டுப்பட்டால் சிறுநீரகமே பாழாகும். திறந்த அறுவையில் மருத்துவர் அதை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்து அறிந்தார். மூத்தவர் இளையவரின் விரலைப் பிடித்து வைத்து, "இதுதான்" என்று காட்ட முடிந்தது. கொல்கத்தாவின் சுபோத் மித்ரா, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பிறப்புவழியாகவே விரிந்த அறுவை செய்யும் முறையை வகுத்து உலகப் பெயர் பெற்றதும் இந்த விரலறிவின் உச்சத்தில்தான்.

சிறு துளைகளின் வழியே கருவிகளை விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அந்த விரலை வயிற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஜெர்மனியின் கீல் நகரில் கூர்ட் ஸெம் என்ற மகப்பேறு மருத்துவர் 1970களிலும் 80களிலும் நுண்துளை அறுவைக்கான கருவிகள் பலவற்றை உருவாக்கினார். அவற்றோடு பயிற்சிப்பெட்டி ஒன்றையும் செய்தார்: மூடிய பெட்டிக்குள் துளைவழியாகக் கருவியை விட்டு, படக்கருவியில் பார்த்துக்கொண்டே வெட்டவும் தைக்கவும் பழகலாம். சுசுருதரின் தோல்பை மீண்டும் வந்துவிட்டது என்றே சொல்லலாம். லேப்ராஸ்கோப்பி வழியே முதல் முழுக் கருப்பை நீக்கத்தை ஹாரி ரைஷ் 1988 சனவரியில் பென்சில்வேனியாவில் செய்தார். ஆனால் அந்த முறை எங்கும் மெதுவாகவே பரவியது. நீண்ட, நேரான, வளையாத கருவியைத் துளையின் வழியே பிடித்தால், கை இடப்பக்கம் போக முனை வலப்பக்கம் போகும். படம் தட்டையாகத் தெரியும். உள்ளே ஒரு முடிச்சுப் போட வருடக்கணக்கில் பழக வேண்டும்.

இந்தியாவில் லேப்ராஸ்கோப்பி பெருவாரியாகப் பரவியது வேறொரு வழியில்: குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களில். கருக்குழாயை வளையமிட்டு அடைக்கும் சிறு அறுவை அது. சில நிமிடங்களில் முடியும். ஒரு நாளில் எத்தனை பேருக்குச் செய்தார் என்பதே அங்கு மருத்துவரின் பெருமையாக இருந்தது. அந்த வேகத்தின் விளைவு 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் தெரிந்தது. ஒரே முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவை நடந்தது. அவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016இல் தந்த தீர்ப்பில், இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது. விரைவும் திறமையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று தேவையில்லை. திறமை என்பது வீணான அசைவு, வீணான காத்திருப்பு, வீணான குருதியிழப்பு ஆகியவற்றைக் குறைப்பது. கருவியைக் கொதிக்க வைப்பதற்கும் கையுறை மாற்றுவதற்கும் வேண்டிய நேரத்தைக் குறைப்பது திறமை ஆகாது.

ரோபோ என்று சொல்லப்படும் கருவி தானாக எதையும் செய்வதில்லை. தொலைவில் இருந்தபடி போர்க்களத்தில் காயம்பட்டவருக்கு அறுவை செய்ய முடியுமா என்று அமெரிக்காவில் ராணுவப் பணத்தில் நடந்த ஆய்வின் பிள்ளை அது. 1995இல் தொடங்கிய இன்டியூடிவ் நிறுவனம் அந்த ஆய்வை டா வின்சி என்ற கருவியாக்கியது. 2000இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி தந்தது. பெண்களுக்கான அறுவைகளுக்கு என்று தனி அனுமதி 2005 ஏப்ரலில் வந்தது. நோயாளியின் மேல் கருவியின் நான்கு கைகள் நிற்கும். மருத்துவர் சற்றுத் தள்ளி ஒரு மேடைப்பெட்டியின் முன் உட்கார்ந்து, தலையை அதன் கண்ணாடிக் குழிக்குள் சாய்த்துக்கொள்வார். கான்சோல் என்று அதைச் சொல்வார்கள். இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் வருவதால் ஆழம் தெரியும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் பிடிக்கும் சிறு பிடிகளை அசைத்தால், வயிற்றுக்குள் சுமார் எட்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள கருவியின் முனை மணிக்கட்டைப் போல வளைந்து திரும்பும். கை நடுக்கம் வடிகட்டப்படும். லேப்ராஸ்கோப்பியின் இடவலக் குழப்பம் இங்கே இல்லை.

இல்லாமல் போனது தொடுவுணர்வு. கருவி திசுவை எவ்வளவு இழுக்கிறது என்று மருத்துவரின் விரலுக்குத் தெரியாது. டா வின்சி வரிசையில் விசையை ஓரளவு உணர்த்தும் ஏற்பாடு 2024இல் அனுமதி பெற்ற டா வின்சி 5இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கால் நூற்றாண்டும் மருத்துவர்கள் கண்ணால் தொடப் பழகினார்கள். இழுபடும் திசு வெளுக்கிறதா, நூல் விறைக்கிறதா, குருதிக்குழாய் தட்டையாகிறதா என்று பார்த்தே இழுவிசையை அளந்தார்கள். தொடக்க நாட்களில் தையல் நூல் அறுந்துபோவது சாதாரணம். சிறுநீர்க்குழாயை உருட்டிப் பார்க்க முடியாது. ஆகவே மேலுறையைத் திறந்து, குழாய் புழுவைப் போல நெளியும் அசைவைக் கண்ணால் கண்டபிறகே தமனியைத் தொட வேண்டும் என்ற ஒழுங்கு உண்டாயிற்று. ரோபோ கற்றலை நீக்கிவிடவில்லை. கற்க வேண்டியது என்ன என்பதைத்தான் மாற்றிவிட்டது.

கற்றலை அளக்கும் வழி மருத்துவத்தில் பிறந்ததல்ல. விமானத் தொழிற்சாலையில் டி.பி. ரைட் என்ற பொறியாளர் 1936இல் ஒன்றைக் கண்டு எழுதினார்: செய்த விமானங்களின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானத்துக்கான உழைப்பு நேரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு மெல்லச் சமனாகும் அந்தக் கோட்டையே மருத்துவர்கள் 'லேர்னிங் கர்வ்' என்று எடுத்துக்கொண்டார்கள். தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டுக்காக ஈ.எஸ். பேஜ் 1954இல் வகுத்த குவிகூட்டு முறையும் அறுவை அரங்குக்கு வந்தது. ஒவ்வொரு அறுவையின் முடிவையும் எதிர்பார்த்த அளவோடு ஒப்பிட்டு, கூடுதலையும் குறைவையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால், ஒருவர் எந்த இடத்தில் தேறினார், எப்போது சறுக்கத் தொடங்கினார் என்று கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

பெண்களுக்கான ரோபோ அறுவையில் முதலில் பேசப்பட்ட கணக்கு 2008இல் வெளியான லெனிஹன் குழுவினரின் ஆய்வு. 113 நோயாளிகளின் பதிவை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோயல்லாத காரணங்களுக்குச் செய்யும் கருப்பை நீக்கத்தில், சுமார் 50 அறுவைகளுக்குப் பிறகு நேரம் 95 நிமிடத்தை ஒட்டி நிலைபெற்றது. அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. கூர்ந்து பார்க்க வேண்டியது அதைத்தான். கருவியை நோயாளியோடு பொருத்தி, மருத்துவர் கான்சோலில் உட்காரும் நிலைக்கு அரை மணி நேரத்துக்குள் கொண்டுவர, செவிலியர்களும் உதவியாளர்களும் அடங்கிய குழுவுக்கு 20 அறுவைகள் தேவைப்பட்டன. மருத்துவருக்கு ஒரு கோடு, குழுவுக்கு வேறொரு கோடு. குழு முந்தித் தேறுகிறது. குழு மாறிக்கொண்டே இருந்தால் மருத்துவர் எவ்வளவு தேர்ந்தவரானாலும் நாள் முழுக்க ஓர் அறுவைக்கே போய்விடும்.

ஆரணி வட்டாரத்துப் பட்டு நெசவாளருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாடா எவ்வளவு வேகமாக ஓடினாலும், ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாகப் பிணைத்துப் புதுப் பாவைத் தறியில் ஏற்றும் வேலை சரியாக அமையாவிட்டால், சேலை முடியும் நாள் தள்ளிப்போகும். அந்த வேலையில் வீட்டார் எல்லோருக்கும் பங்கு உண்டு. ரோபோ அறுவையில் பாவேற்றம் போன்றது 'டாக்கிங்', அதாவது கருவியை நோயாளியோடு பொருத்தும் வேலை. நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, தலைப்பக்கத்தை 25 முதல் 30 பாகை வரை தாழ்த்துவார்கள். குடல் மேலே சரிந்து இடுப்புக்குழி தெளிவாகும். அந்தச் சாய்வில் அவர் வழுக்கிவிடாமல் இருக்க, முதுகுக்கு அடியில் பிடிமானமுள்ள மெத்தை. தொப்புளை ஒட்டி ஒரு துளை; பக்கவாட்டில் துளைக்குத் துளை சுமார் எட்டு சென்டிமீட்டர் இடைவெளியில் மற்றவை. இடைவெளி குறைந்தால் உள்ளே கருவியும் வெளியே கைகளும் ஒன்றோடொன்று மோதும். துளை விழுந்தபிறகு அதை நகர்த்த முடியாது. தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும் பங்கு முதல் வெட்டுக்கு முன்பே, வயிற்றின் மேல் மையால் புள்ளி குறிக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. பெருங்குருதிப்போக்கு நேர்ந்தால் கருவியை உடனே கழற்றி வயிற்றைத் திறப்பதற்கான ஒத்திகையும் குழுவின் பயிற்சியில் சேரும். அந்த ஒத்திகையைத் தள்ளிப்போடும் அரங்குகள் பெரும் தவறு செய்கின்றன.

கான்சோலில் உட்கார்ந்தபின் நேரம் எங்கே கசிகிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். புதியவர் படக்கருவியை ஓரிடத்தில் வைத்துவிட்டு, ஓரத்தில் மங்கலாகத் தெரியும் இடத்தில் வேலை செய்வார். தேர்ந்தவர் ஓயாமல் படத்தை நகர்த்தி, வேலை செய்யும் இடத்தை நடுவிலேயே வைத்திருப்பார். புதியவரின் பிடிகள் கைக்கு எட்டாத மூலைக்குப் போய் முழங்கை அந்தரத்தில் தொங்கும். தேர்ந்தவர் கால்மிதியை அடிக்கடி அழுத்திப் பிடிகளைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வார், கருவி அசையாது நிற்கும். கருவி மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடம் போகும். அதனால் இரண்டு மூன்று கருவிகளிலேயே முழு அறுவையையும் முடிக்கப் பழகுகிறார்கள். கருவி பிடிக்கும் மூன்றாம் கையை இழுத்துப் பிடிக்கும் வேலைக்கு நிறுத்திவைக்கத் தெரிந்தவுடன், அதுவரை உதவியாளரிடம் கேட்டுக்கொண்டிருந்த பாதி வேலை தம்மிடமே வந்துவிடுகிறது.

கருப்பையை எடுத்தபின் பிறப்புவழியின் மேல்முனையைத் தைத்து மூடும் கட்டம் தனியே சொல்லத் தக்கது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையின் அரிசோனா பிரிவு 2009இல் தன் பதிவுகளை வெளியிட்டபோது, ரோபோ வழிக் கருப்பை நீக்கம் செய்துகொண்டவர்களில் சுமார் 4 விழுக்காட்டினருக்கு அந்தத் தையல் பிரிந்திருந்தது. திறந்த அறுவையைவிட இது அதிகம். மின்சூட்டால் ஓரம் கருகுவதும், பெரிதாகக் காட்டும் படத்தில் சிறு கவ்வலும் பெரிதாகத் தெரிவதால் மருத்துவர்கள் திசுவைக் குறைவாகக் கவ்வித் தைப்பதும் காரணங்களாகக் கருதப்பட்டன. அதன்பின் சூட்டைக் குறைத்து, ஓரத்திலிருந்து தள்ளி ஊசி இறக்கும் வழக்கம் பரவியது. முள்ளுள்ள நூல் வந்தபோது முடிச்சுப் போடும் நேரமும் மிச்சமாயிற்று. தங்கள் குறையைத் தாங்களே எண்ணி வெளியிட்டதால்தான் இந்த மாற்றம் வந்தது. அந்த நேர்மையே இத்துறையை முன்னேற்றியது.

மேயோவின் ராச்செஸ்டர் மருத்துவர்கள் 325 ரோபோ வழிக் கருப்பை நீக்கங்களைக் குவிகூட்டு முறையில் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். நேரத்தை விட்டுவிட்டு, அறுவையின்போது நேரும் சிக்கல்களைக் கணக்கில் எடுத்தால், தேர்ச்சி பெற 90 அறுவைகள் வரை ஆகக்கூடும் என்று தெரிந்தது. 50இல் கை வேகமாகிறது; பாதுகாப்பு அதற்கு வெகுதூரம் பின்னால் வருகிறது. கடிகாரத்தை மட்டும் பார்த்து "தேறிவிட்டார்" என்று சான்று கொடுப்பதில் இருக்கும் ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அந்த இடைவெளியை நோயாளிக்கு இழப்பைக் குறைத்துக் கடக்கும் வழிகளும் உருவாகிவந்தன. 2009இல் வந்த டா வின்சி எஸ்ஐ இரண்டு கான்சோல்களை ஒரே கருவியோடு இணைக்க இடம் தந்தது. ஆசிரியர் ஒன்றிலும் மாணவர் ஒன்றிலும் உட்கார்ந்து, ஒரே படத்தைப் பார்த்து, கருவியைக் கைமாற்றிக்கொள்ளலாம். விரலைப் பிடித்துக் காட்டிய பழைய மூத்தவர் புது உருவில் திரும்பினார். கணினிப் பயிற்சிக்கருவிகளில் வளையத்தைக் கம்பியில் உரசாமல் நகர்த்துவது, ஊசியைக் குறித்த புள்ளியில் நுழைப்பது, படக்கருவியை மாற்றுவது எனத் தனித்தனிப் பாடங்கள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். ரிச்சர்ட் சட்டாவா, ரோஜர் ஸ்மித் முதலியோர் பல துறை மருத்துவர்களைக் கூட்டி, ரோபோ அறுவைக்கான பொதுவான அடிப்படைப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தார்கள். முழு அறுவையையும் ஒருசேரக் கற்பிக்காமல் துண்டுகளாகப் பிரிப்பதும் வழக்கமாயிற்று. மாணவர் முதலில் மேல்முனைத் தையலை மட்டும் செய்வார். பிறகு பக்கத் தசைநார்களை வெட்டுவார். சிறுநீர்ப்பையைக் கீழே ஒதுக்குவார். தமனி கடைசியில்தான் அவர் கைக்கு வரும். ஒவ்வொரு அறுவையும் படமாகப் பதிவாவதால், மாலையில் உட்கார்ந்து தம் கையைத் தாமே பார்த்துத் திருத்திக்கொள்ளவும் முடிகிறது.

கை தேர்ந்துவிட்டால் மட்டும் அறுவை நல்லதாகிவிடாது என்பதையும் இந்த வரலாறு கடுமையாகவே கற்பித்தது. அமெரிக்காவில் 2007 முதல் 2010 வரை புற்றுநோயல்லாத காரணங்களுக்குக் கருப்பை நீக்கிய 2,64,758 பெண்களின் பதிவை ஆராய்ந்து 2013இல் வந்த கட்டுரை, ரோபோவின் பங்கு அந்த மூன்றாண்டுகளில் 0.5 விழுக்காட்டிலிருந்து 9.5 விழுக்காடாக உயர்ந்ததைக் காட்டியது. சிக்கல்களின் அளவு லேப்ராஸ்கோப்பிக்கும் ரோபோவுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். செலவு மட்டும் ஒரு நோயாளிக்கு 2,189 டாலர் கூடியிருந்தது. 2018இல் பெட்ரோ ராமிரெஸ் தலைமையில் வெளியான பன்னாட்டு ஆய்வு இன்னும் பெரிய அதிர்ச்சி. தொடக்கநிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு விரிந்த அறுவை செய்துகொண்ட 631 பெண்களில், திறந்த முறையில் செய்துகொண்டவர்களில் 96.5 விழுக்காட்டினர் நாலரை ஆண்டுக்குப் பிறகும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். லேப்ராஸ்கோப்பியும் ரோபோவும் சேர்ந்த நுண்துளை முறையில் அது 86 விழுக்காடு. அறுவை நன்றாக நடந்தது, நோயாளி சீக்கிரம் வீடு திரும்பினார், நோயும் திரும்பியது. கற்றல் கோட்டில் எங்குமே தெரியாத இழப்பு இது. அதன்பின் அந்தக் குறிப்பிட்ட நோய்க்குத் திறந்த அறுவையே மீண்டும் முதலிடம் பெற்றது. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய், பெரிய நார்க்கட்டி, உடல் பருத்தவர்களுக்கான அறுவை ஆகியவற்றில் நுண்துளை முறை தொடர்கிறது.

இந்தியாவில் ரோபோ முதலில் இதய அறுவைக்கும் சிறுநீரக அறுவைக்குமே வந்தது. பெண்களுக்கான அறுவையில் ஐதராபாத்தின் ரூமா சின்ஹா, பெங்களூரில் புற்றுநோய் அறுவை செய்யும் எஸ்.பி. சோமசேகர் போன்றோர் தொடக்கக் குழுவினர். வட்டிகுட்டி அறக்கட்டளை இளம் மருத்துவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி உதவி அளித்துவருகிறது. குருகிராமில் சுதிர் ஸ்ரீவாஸ்தவா நிறுவிய நிறுவனம் எஸ்எஸ்ஐ மந்த்ரா என்ற இந்தியக் கருவியை உருவாக்கியதால் விலைத்தடை சற்றுத் தளர்ந்தது. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளைத் தாண்டி அரசு மருத்துவமனைக்கு ரோபோ வந்தது 2022 மார்ச்சில், சென்னை ஓமந்தூரார் வளாகத்து அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில். சுமார் 35 கோடி ரூபாய் செலவில் அமைந்த அந்தப் பிரிவு, பணம் இல்லாதவருக்கும் இந்த அறுவை எட்டும் வழியைத் திறந்தது.

இங்கே கற்றலுக்குத் தடையாக நிற்பது எண்ணிக்கை. ஒரே கருவியைச் சிறுநீரகம், குடல், புற்றுநோய், மகப்பேறு என நான்கைந்து துறைகள் பங்கிட்டால், ஒரு மகப்பேறு மருத்துவருக்கு மாதத்தில் கிடைப்பது சில நாட்களே. 50ஐத் தொட ஆண்டுகள் ஆகிவிடும். இடைவெளி நீண்டால் பழகிய கையும் துருப்பிடிக்கும். ஆகவே எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கிட்டுத் தருவதைவிட, ஒவ்வொரு மருத்துவமனையிலும் இரண்டு மூன்று பேரும் மாறாத ஒரு செவிலியர் குழுவும் தொடர்ந்து செய்வதே சரி. அறுவை தேவையா என்ற கேள்வியும் நிற்கிறது. தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நரேந்திர குப்தா வழக்கில் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது. தேவையில்லாத அறுவையை 95 நிமிடத்தில் முடிப்பதில் எந்தத் திறமையும் இல்லை.

பெரணமல்லூரிலிருந்தோ வந்தவாசியிலிருந்தோ வேலூருக்கும் சென்னைக்கும் இந்த அறுவைக்காகப் போகும் பெண்ணும் அவர் வீட்டாரும் கையெழுத்திடுவதற்கு முன் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். மருந்தாலோ வேறு வழியாலோ இது தீராதா? இந்த நோய்க்கு ரோபோவால் என்ன கூடுதல் நன்மை? கான்சோலில் உட்காரப்போவது யார், இதே அறுவையை இதுவரை எத்தனை செய்திருக்கிறார்? இடையில் வயிற்றைத் திறக்க நேர்ந்தால் அதற்கு ஆள் ஆயத்தமாக இருக்கிறார்களா? தேர்ந்த மருத்துவர் எவரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். கோபப்பட்டால் வேறு மருத்துவரைப் பார்ப்பது நல்லது.